முப்பது ரூபாய்ச் சம்பளமும் ஒரு கடிதமும்: ராமானுஜனின் துணிவு பற்றி ஓர் ஆய்வு

கேள்வி

1913 ஜனவரி 16ஆம் நாளிட்டு, சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவுக் குமாஸ்தா ஒருவர் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஜி. எச். ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். பட்டம் பெறாதவர், எஃப்.ஏ. என்ற கல்லூரி இடைநிலைத் தேர்வில் இருமுறை தோற்றவர். கடிதத்தோடு ஏறத்தாழ 120 தேற்றங்களை இணைத்திருந்தார். பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் இல்லை. ஸ்ரீநிவாச ராமானுஜனின் வாழ்வில் பலரும் அறிந்த நிகழ்வு இது. மனத்தில் ஒரு கனவு இருந்தால் துணிந்து இறங்க வேண்டும் என்று இளைஞர்களுக்குச் சொல்ல வருகிறவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் நிகழ்வும் இதுதான்.

அப்படி எடுத்துக்காட்டும்போது ஒரு கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது. அந்தத் துணிவு அவருக்கு எப்போது வந்தது, எதனால் வந்தது? 1904 தொடங்கியே கணிதம் தவிர வேறெதிலும் அவர் மனம் ஒட்டவில்லை. ஆசையில் குறைவில்லை, திறமையிலும் குறைவில்லை. ஆனாலும் அந்தக் கடிதத்துக்கு ஒன்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அதற்குப் பிறகும், கேம்பிரிட்ஜுக்கு வரும்படி அழைப்பு வந்தபோது முதலில் அவர் மறுத்தார். துணிவு என்பது பிறவியிலேயே நெஞ்சில் குடியிருக்கும் குணம் என்று கொண்டால் இந்தத் தாமதத்துக்கும் மறுப்புக்கும் விளக்கம் கிடைப்பதில்லை. ராமானுஜன் யாரிடம், எந்த நிலையில், எதைக் கேட்டார் என்பதைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் ஓரளவு விளக்கம் கிடைக்கிறது. இக்கட்டுரை அந்த முயற்சி.

இதுவரை சொல்லப்பட்டவை

ராமானுஜனைப் பற்றிய முதல் விரிவான குறிப்பை எழுதியவர்கள் அவரை நேரில் அறிந்த பி. வி. சேஷு ஐயரும் ஆர். ராமச்சந்திர ராவும். 1927இல் வெளிவந்த ராமானுஜனின் ஆய்வுத் தொகுப்பில் அது இடம்பெற்றது. அதே தொகுப்பில் ஹார்டியின் நினைவுரையும் உள்ளது. 1967இல் நூலக அறிவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன், ராமானுஜனோடு பழகியவர்களின் நினைவுகளையும் சேர்த்து ஒரு நூல் எழுதினார். 1991இல் ராபர்ட் கனிகெல் எழுதிய வாழ்க்கை வரலாறு உலகெங்கும் படிக்கப்பட்டது. கடிதங்களையும் அலுவலக ஆவணங்களையும் புரூஸ் பெர்ன்ட், ராபர்ட் ராங்கின் இருவரும் 1995இல் தொகுத்து வெளியிட்டனர்.

இவற்றிலிருந்து மக்கள் மனத்தில் தங்கியவை இரண்டு சித்திரங்கள். ஒன்று, குலதெய்வமான நாமகிரித் தாயாரின் அருளால் சூத்திரங்கள் கனவில் வந்து வாய்த்த மேதை. மற்றொன்று, ஹார்டியால் கண்டெடுக்கப்பட்ட ஏழைக் குமாஸ்தா. ஆஷிஸ் நந்தி 1980இல் வெளியிட்ட நூலில் உளவியல் வழியே வேறொரு வாசிப்பைத் தந்தார். தாய் கோமளத்தம்மாளோடு ராமானுஜனுக்கு இருந்த உறவும் மரபோடு இருந்த பிணைப்பும் அதில் மையமாகின்றன. மூன்று பார்வையிலும் உண்மையின் ஒரு பகுதி உண்டு. ஆனால் முதல் இரண்டிலும் 1910 முதல் 1913 வரை சென்னையில் நடந்தது ஒரு முன்னுரையாகச் சுருங்கிவிடுகிறது. என் பார்வையில் கதையின் நடுப்பகுதி அதுதான்.

ஊரைவிட்டு ஓடியதும் கப்பல் ஏறியதும்

கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் முதன்மை மாணவராக விளங்கிய ராமானுஜனின் கைக்கு 1903இல் கார் என்பவர் தொகுத்த கணிதச் சுருக்க நூல் வந்தது. ஆயிரக்கணக்கான முடிவுகளை அடுக்கிச் செல்லும் நூல் அது. விளக்கம் மிகக் குறைவு. ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்ப்பதில் அவர் மூழ்கினார். 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர் ஆங்கிலத்தில் தேறாமல் அந்தத் தொகையை இழந்தார். ஒரு பருவத்துக்குக் கட்டணம் 32 ரூபாய் என்றும், துணிக்கடைக் கணக்கரான தந்தையின் மாதச் சம்பளம் 20 ரூபாய் அளவே என்றும் கனிகெல் எழுதுகிறார். உதவித்தொகை போனது அந்த வீட்டுக்கு எத்தகைய அடி என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். கல்லூரிப் பையன்களை வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டுச் சிறிது வருமானம் பார்த்த குடும்பம் அது.

1905இல் யாரிடமும் சொல்லாமல் அவர் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். அதையும் துணிவு என்று கொள்ளலாமா? வீட்டைவிட்டு வெகுதூரம் சென்றார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே அவருக்கு ஒரு பணி இருந்ததாகவோ, தம் கணிதத்தை யாரிடமாவது காட்டச் சென்றதாகவோ சான்று இல்லை. விரைவில் திரும்பிவிட்டார். ஒன்பது ஆண்டுகள் கழித்து அவர் மேற்கொண்ட கடற்பயணத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகிறது. 1905இல் அவர் ஓர் அவமானத்திலிருந்து விலகி ஓடினார். 1914இல் தமக்காகக் காத்திருந்த ஒரு வேலையை நோக்கிப் போனார். வீட்டைத் துறப்பது இரண்டிலும் பொது; மற்றதெல்லாம் வேறு.

1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. அங்கும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி, அடுத்த ஆண்டு தனியாக எழுதியும் தோல்வி. கணிதத்தில் எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் வாங்கினாலும் உடலியலில் தேறாவிட்டால் தோற்றவர்தான் என்பது அன்றைய முறை. அடுத்த சில ஆண்டுகள் அவர் கும்பகோணத்தில் வேலையின்றி இருந்தார். காகிதம் வாங்கக் காசில்லாததால் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தார். அந்த நோட்டுப் புத்தகங்கள்தாம் இன்றும் கணித உலகம் படித்துவருபவை. ஆக, கனவுக்காக உழைப்பதில் அவருக்குத் தயக்கமே இருந்ததில்லை. அந்தக் கனவோடு வெளியுலகத்தின் முன் நின்று உரிமையோடு ஒன்றைக் கேட்பதுதான் அவரால் முடியாமல் இருந்தது. உழைப்பதற்குப் பிடிவாதம் போதும். கேட்பதற்கு வேறொன்று வேண்டியிருந்தது.

அவர் கேட்டவை

1909 ஜூலையில் ஜானகியோடு திருமணம் நடந்தது. அதன்பின் வேலை தேடித்தான் ஆக வேண்டும் என்ற நிலை. 1910இல் அவர் திருக்கோவிலூருக்குச் சென்றார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். அவரிடம் ராமானுஜன் கேட்டது ஒரு சாதாரண எழுத்தர் வேலை. நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயர், வருவாய்த் துறையின் அடிமட்டப் பணி ஒன்றில் இந்த மேதைமையை மூச்சடைக்கச் செய்ய மனம் வரவில்லை என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். வேலை தரவில்லை, சென்னை நண்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் தந்தார். வந்தவர் எழுத்தர் வேலை கேட்டார், கேட்கப்பட்டவரோ அவருக்கு அதைவிடப் பெரியதொன்று உரியது என்று கண்டார். கனவின் அளவை ராமானுஜனுக்கு முன்பே இன்னொருவர் வாயால் சொல்லிவிட்ட தருணம் இது.

1910இன் இறுதியில் நெல்லூர் கலெக்டரான ராமச்சந்திர ராவின் முன் அவர் நின்றார். என்ன வேண்டும் என்று ராவ் கேட்டார். ஆராய்ச்சியைத் தொடர்வதற்கு வயிற்றைக் கழுவும் அளவு ஏதாவது கிடைத்தால் போதும் என்பது பதில். அவர் வேண்டியது ஓய்வு, எளிய உணவு, தொடர்ந்து கனவு காண ஓர் இடம் என்று ராவ் தம் குறிப்பில் எழுதினார். மாதம் 25 ரூபாய் தம் கைப்பணத்திலிருந்து கொடுத்துவந்தார். திருக்கோவிலூரில் வேலை கேட்டவர், சில மாதங்களில் ஆராய்ச்சிக்கான ஓய்வைக் கேட்கும் நிலைக்கு வந்திருந்தார். ஒருவர் ஏற்கெனவே மதித்துவிட்டார் என்பதே இடையில் நிகழ்ந்த மாற்றம்.

இந்தக் காலத்தில்தான் இந்தியக் கணிதக் கழக இதழில் அவர் கேள்விகளை வெளியிடத் தொடங்கினார். 1911இல் பெர்னூலி எண்களைப் பற்றிய முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது. இதழின் ஆசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார், சாதாரண வாசகரால் பின்தொடர முடியாத அளவுக்குச் சுருக்கமாக இருந்த அந்தக் கையெழுத்துப் படியைத் திருத்தும்படி மீண்டும் மீண்டும் திருப்பியனுப்பினார். எளிதில் தள்ளுபடி செய்திருக்கலாம், செய்யவில்லை.

ஏறத்தாழ ஓராண்டுக்குப் பிறகு ராமானுஜன் ராவின் பணத்தை வேண்டாம் என்றார். பிறருக்கு நெடுநாள் பாரமாக இருக்க அவர் விரும்பவில்லை என்கிறது 1927 குறிப்பு. கணக்காயர் அலுவலகத்தில் சில வாரத் தற்காலிக வேலை பார்த்தார். பிறகு 1912 பிப்ரவரி 9 அன்று திருவல்லிக்கேணியிலிருந்து துறைமுகக் கழகத்துக்கு விண்ணப்பம் எழுதினார். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் தந்த பரிந்துரையும் உடன் சென்றது. மார்ச் 1 முதல் மூன்றாம் வகுப்புக் குமாஸ்தா வேலை, மாதம் 30 ரூபாய்.

கனவைப் பின்தொடர விரும்புகிறவன் வேலையை உதறிவிட்டு வரவேண்டும் என்பது இன்று நம்மிடையே மிகுதியாகச் சொல்லப்படும் அறிவுரை. அதற்குச் சான்றாக ராமானுஜனைக் காட்டுவது வரலாற்றுக்கு நேர்மாறானது. அவர் வேலையில் சேர்ந்து பத்து மாதங்கள் கழித்துத்தான் ஹார்டிக்கு எழுதினார். நிபந்தனை இல்லாமல் வந்த 25 ரூபாயை விட்டு, உழைத்துப் பெறும் 30 ரூபாயை அவராகவே தேடிக்கொண்டார். இரண்டுக்கும் இடையிலான ஐந்து ரூபாயைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று இங்கே இருக்கிறது. முன்பு அவர் ஒருவரின் இரக்கத்தில் வாழ்ந்தார். இப்போது தம் காலில் நின்றார். இங்கிலாந்திலிருந்து பதில் வராவிட்டாலும் மறுநாள் போய் உட்கார ஒரு நாற்காலி இருந்தது. மறுப்பைத் தாங்கிக்கொள்ள முடிந்தவனுக்குத்தான் கேட்கவும் முடிகிறது.

கடிதத்துக்குப் பின்னால் இருந்தவர்கள்

துறைமுகக் கழகத்தில் ராமானுஜனின் மேலாளர் எஸ். நாராயண ஐயர். கணிதம் படித்தவர், கணிதக் கழகத்தின் பொருளாளர். மாலைகளில் திருவல்லிக்கேணியில் தம் வீட்டு மாடியில் ராமானுஜனோடு உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போடுவார். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ராமானுஜன் தாவுவதைப் பார்த்து, என் போன்றவனுக்கும் புரியும்படி இடையில் பத்துப் படிகளாவது எழுதுங்கள் என்று வற்புறுத்துவாராம். ஐயரின் மகன் பின்னாளில் பதிவு செய்த செய்தி இது. அந்த மாடியில் நடந்ததற்கு நம் வாழ்க்கை வரலாறுகள் இன்னும் உரிய இடம் தரவில்லை என்பது என் வருத்தம். பிறருக்குப் புரியும்படி எழுதப் பழகாமல் ஹார்டிக்கு எழுதியிருக்க முடியாது. தம் மனத்துக்கு மட்டும் தெளிவாக இருந்த ஒன்றை ஒரு வாசகன் பின்தொடரும் வரிசையில் வைக்க நாராயண ஐயங்காரும் நாராயண ஐயரும் கற்பித்தார்கள்.

துறைமுகக் கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஊக்கமளித்தார். 1912 நவம்பரில் சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், லண்டனில் இருந்த தம் பழைய ஆசிரியர் எம். ஜே. எம். ஹில்லுக்கு ராமானுஜனின் முடிவுகளை அனுப்பினார். ஹில்லின் பதில் முழுப் பாராட்டும் இல்லை, நிராகரிப்பும் இல்லை. விரிதொடர்களைக் கையாள்வதில் ராமானுஜன் தவறிவிட்டதாகக் கருதினார்; எந்த நூலைப் படிக்க வேண்டும், ஆய்வுக் கட்டுரையை எப்படி எழுதி அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார். கேம்பிரிட்ஜில் எச். எஃப். பேக்கர், ஈ. டபிள்யூ. ஹாப்சன் இருவருக்கும் ராமானுஜன் எழுதினார், உதவி கிட்டவில்லை. ஹார்டி மூன்றாவது முயற்சி.

ஹார்டியைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு காரணம் உண்டு. ஹார்டி 1910இல் வெளியிட்ட சிறு நூல் ஒன்றை அவர் பார்த்திருந்தார். கொடுக்கப்பட்ட எண்ணுக்கு உட்பட்ட பகா எண்கள் எத்தனை என்பதற்குத் திட்டமான கோவை எதுவும் இதுவரை காணப்படவில்லை என்று அதில் இருந்தது. தாம் அதைக் கண்டுவிட்டதாக ராமானுஜன் நம்பினார். பின்னால் அந்த முடிவு முழுமையாகச் சரியில்லை என்று தெரிந்தது. ஆனால் முகம் அறியாத அறிஞர் ஒருவருக்கு எழுத அது போதுமான காரணமாக இருந்தது: அவர் இல்லை என்று சொன்ன ஒன்று தம்மிடம் இருக்கிறது.

கடிதத்தின் ஆங்கிலம் முழுவதும் ராமானுஜனுடையதாக இருக்க முடியாது என்று ஹார்டியே கருதினார். கணிதம் முழுவதும் அவருடையது என்பதில் அவருக்கு ஐயமில்லை. நண்பர்கள் வாசகங்களைச் சரிசெய்து கொடுத்திருக்கலாம். இதனால் ராமானுஜனின் பெருமை ஓர் இம்மியும் குறைவதில்லை. வயதை 23 என்று எழுதியிருந்த அந்தக் கடிதத்தை அனுப்பியபோது அவருக்கு 25 நிறைந்திருந்தது. தம்மை ஏழை என்று சொல்லிக்கொண்டார். தேற்றங்களில் மதிப்பு ஏதும் இருந்தால் அவை அச்சாக வேண்டும் என்று கேட்டார். திருக்கோவிலூரில் வேலை, நெல்லூர் கலெக்டரிடம் ஓய்வு, ஹார்டியிடம் அச்சேற்றம் என்று கோரிக்கை படிப்படியாக வளர்ந்திருக்கிறது.

ஹார்டி பிப்ரவரி 8 அன்று பதில் எழுதினார், நிரூபணங்களைக் கேட்டார். பிப்ரவரி 27இல் ராமானுஜன் எழுதிய மறுகடிதம், என் வாதத்துக்கு எல்லாச் சான்றுகளிலும் வலுவானது. தம் உழைப்பைப் பரிவோடு பார்க்கும் ஒரு நண்பர் கிடைத்ததாக அதில் மகிழ்கிறார். உடனே, தாம் அரைப்பட்டினியில் இருப்பதையும், மூளையைக் காத்துக்கொள்ள முதலில் உணவு வேண்டும் என்பதையும் நேராகச் சொல்கிறார். பல்கலைக்கழகத்திலிருந்தோ அரசிடமிருந்தோ உதவித்தொகை பெற, ஹார்டியின் பரிவான ஒரு கடிதம் தமக்கு உதவும் என்கிறார். கனவையும் சோற்றையும் ஒரே மூச்சில் பேசுகிறார். இதில் கூச்சமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வயிற்றுப்பாட்டுக்கு மட்டும் கேட்டவர் இப்போது யாரிடம் எதைப் பெறலாம், அதற்கு எந்த ஆவணம் தேவை என்று தெளிவாகத் திட்டமிடுகிறார்.

அதே பிப்ரவரியில் சென்னை வந்த வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரும் அவருக்காகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. மே மாதத்திலிருந்து, எஃப்.ஏ. தேறாதவர் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் ஆனார்.

கடல்

ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைக்க 1913லேயே ஹார்டி முயன்றார். ராமானுஜன் உடன்படவில்லை. சாதிக் கட்டுப்பாடும் தாயின் சம்மதமின்மையும் காரணம் என்று ஹார்டி எழுதியுள்ளார். 1914 தொடக்கத்தில் சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்த, ஹார்டியின் சக அறிஞர் ஈ. எச். நெவில், ராமானுஜனை இணங்கவைக்கும் பொறுப்போடு வந்தார். வாதாட வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு, ராமானுஜன் ஏற்கெனவே மனம் மாறியிருந்ததும் பெற்றோரின் எதிர்ப்பு விலகியிருந்ததும் வியப்பளித்தன.

இந்த மாற்றத்துக்கு இரண்டு விளக்கங்கள் வழங்குகின்றன. ஐரோப்பியர் நடுவே மகன் அமர்ந்திருக்கக் கண்டு, அவன் வழியில் குறுக்கே நிற்காதே என்று நாமகிரித் தாயார் கட்டளையிட்டதாகக் கோமளத்தம்மாள் கண்ட கனவு ஒன்று. நாமக்கல் கோயிலில் ராமானுஜனே மூன்று இரவுகள் தங்கி உத்தரவு பெற்றார் என்பது இன்னொன்று. இவற்றைக் கட்டுக்கதை என்று ஒதுக்குவது ஆய்வாளருக்கு எளிது. நான் அப்படிச் செய்ய மாட்டேன். குலதெய்வத்தின் உத்தரவு என்பது அந்தக் குடும்பத்தில் முடிவெடுக்கும் முறை. தடை எந்த நம்பிக்கையிலிருந்து வந்ததோ, அந்த நம்பிக்கைக்குள்ளிருந்தே அனுமதியும் வரவேண்டியிருந்தது. தாயை மீறிச் செல்வதைவிடத் தாயின் மனம் மாறும்வரை காத்திருப்பதை ராமானுஜன் தேர்ந்துகொண்டார். மீறுவதை மட்டுமே துணிவு என்று எண்ணுகிறவர்களுக்கு இந்தக் காத்திருப்பு கோழைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஓராண்டில் அவர் வேறு சிலவற்றையும் பெற்றார்: மாதம் 75 ரூபாயில் வாழ்ந்து முழுநேரம் கணிதம் செய்த அனுபவம், ஹார்டியோடு கடிதத் தொடர்பு, பல்கலைக்கழகம் தந்த தகுதி. தாயின் கனவு தனியாக வேலை செய்யவில்லை என்றே கருதுகிறேன்.

பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு ஒதுக்கியது. குமாஸ்தா சம்பளத்தைப் போல் பத்து மடங்குக்கு மேல். அதில் 50 பவுண்டு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது. குடுமி எடுக்கப்பட்டது. 1914 மார்ச் 17 அன்று நெவாசா கப்பல் புறப்பட்டது.

மறுப்புகள்

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. திருக்கோவிலூருக்குப் போனபோது அவருக்குச் சம்பளம் இல்லை, புரவலர் இல்லை. அப்படியானால் துணிவு முன்பே இருந்தது அல்லவா? இருந்தது. வெறும் நோட்டுப் புத்தகங்களோடு அதிகாரி ஒருவரின் வாசலில் நிற்பது எளிதல்ல. பின்னால் வந்த உதவிகள் எல்லாம் அந்த முதல் அடி எடுத்துவைக்கப்பட்டதால் வந்தவை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாசலில் வேலை தேடி வந்தவராக அவரைத் திருப்பியனுப்பியிருந்தால் 1913இன் கடிதம் எழுதப்பட்டிருக்குமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அரும்பாக இருந்த துணிவைச் சென்னையில் சிலர் மூன்று ஆண்டுகள் நீரூற்றி வளர்த்தார்கள். ஹார்டி 1936இல் ஹார்வர்டில் பேசும்போது, ராமானுஜனின் துயரம் இளமையில் இறந்ததல்ல, இளமையின் ஐந்து ஆண்டுகள் வழிகாட்டுதலின்றிக் கழிந்ததே என்ற கருத்தைச் சொன்னார். வளைந்துகொடுக்காத கல்விமுறையை அவர் கடுமையாகக் குற்றஞ்சாட்டினார். அவர் சொன்ன அந்த ஐந்து ஆண்டுகளோடு முடிந்துபோன வாழ்க்கைகளைப் பற்றி எந்த நூலும் இல்லை. ராமசாமி ஐயரைச் சென்றடையாதவர்களின் துணிவின்மையை அவர்களுடைய குணக்குறையாகத் தீர்ப்பிட நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இரண்டாவதாக, ஒருவரின் கனவுக்கான விலையை யார் தருகிறார்கள் என்ற கேள்வி. கப்பல் புறப்பட்டபோது ஜானகி பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண். கணவர் இல்லாத ஐந்து ஆண்டுகளில் பெரும்பகுதி மாமியாரோடு கழிந்தது. கணவனும் மனைவியும் எழுதிக்கொண்ட கடிதங்கள் ஒருவரையொருவர் சேராதபடி தடுக்கப்பட்டன என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1919 மார்ச்சில் நோயோடு திரும்பியவர் 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் இறந்தார். கடல் கடந்ததற்குப் பிராயச்சித்தம் செய்யாததால் உறவினர் சிலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை என்றும் எழுதப்பட்டிருக்கிறது. ஜானகியம்மாள் தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் அந்த உழைப்பாலும் சிறு ஓய்வூதியத்தாலும் வாழ்ந்து, 1994இல் மறைந்தார். கணவரின் துணிவைப் பற்றிப் பேசும் மேடைகளில் அவருடைய எழுபத்து நான்கு ஆண்டுகளைப் பற்றியும் பேச வேண்டும். யாருடைய துணையும் பெரிதாக இல்லாமல், பாட்டும் பாராட்டும் இல்லாமல், ஒரு தொழிலைக் கற்று வாழ்வை நடத்தியவர் அவர்.

பின்னொரு கடிதம்

1918இல் ராமானுஜன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரும் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோவும் ஆனார். அதையடுத்து சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை வழங்க முன்வந்தது. 1919 ஜனவரி 11 அன்று இங்கிலாந்திலிருந்து அவர் பதிவாளருக்கு நன்றி தெரிவித்து எழுதினார். தமக்கு வேண்டியதைவிட அந்தத் தொகை மிகுதி என்றார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு கொடுத்து, தம் தேவைகளுக்குப் போக மீதியைக் கல்விப் பணிக்குச் செலவிடும்படி கேட்டுக்கொண்டார். எப்படிச் செலவிட வேண்டும் என்றும் குறிப்பிட்டார்: ஏழைச் சிறுவர்களுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகங்கள் வாங்கவும்.